பச்சை விளக்கு

அச்சகத்தில் இருபத்தாறு வருஷம் தாள் அடுக்கியவன் நான். தாள் கட்டு ஒன்றை விசிறினால் ஒரு தாள் குறைந்தாலும் விரலுக்குத் தெரிந்துவிடும். அச்சகம் மூடியதும் மருந்துக் கிடங்கில் பெட்டி அடுக்கப் போனேன். என் வேகத்தைப் பார்த்து மேற்பார்வை செய்கிற எழிலரசிக்குத் திருப்தி. வருகைப்பதிவு இயந்திரம்தான் என் பத்து விரலையும் ஏற்கவில்லை.

“ரேகையே இல்லையேண்ணே. திருடப் போனா மாட்டவே மாட்டீங்க.”

“தாள் தேச்சிடுச்சும்மா. கையெழுத்துப் போடறேனே. நாப்பது வயசுல கத்துக்கிட்டேன்.”

“அதை இது எடுக்காதுண்ணே. சாயங்காலத்துக்குள்ள விரல் பதியலேன்னா வேற ஆள் போடச் சொல்லிட்டாங்க.”

சாப்பாட்டு நேரம் முழுக்க விரல்களில் எண்ணெய் தடவி, துடைத்து, வைத்துப் பார்த்தேன். ஐந்து மணிக்கு எனக்குப் பதிலாக ஒரு பெண் வந்தாள். நகர்ந்து இடம் விட்டேன். அவள் விரல் வைத்ததும் பச்சை விளக்கு எரிந்தது.