மஞ்சளை நோக்கி

புருஷன் தண்ணீரில் விழுந்ததைப் பார்த்து அவள் முதலில் சிரித்துவிட்டாள்.

சிரிக்காமல் என்ன செய்வாள்? காலையிலிருந்து அவன் அடித்த ஜம்பம் அப்படி.

இரண்டு ஒல்லி ஓடங்களைச் சேர்த்து, நடுவே வலை இழுத்துக் கட்டிய சின்னப் பாய்ப்படகு. ஏறினால் இவர்கள் இரண்டு பேர்தான். காற்றுக்கு எதிரே போக வேண்டுமென்றால் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று திருப்பித் திருப்பித்தான் போக வேண்டும்.

ஒவ்வொரு திருப்பத்திலும் முன்பாய், பாய்மரத்தில் இருக்கும் இரும்புக் கொக்கியில் மாட்டிக்கொண்டு உயிரை வாங்கும். அவன் முன்னால் தவழ்ந்து போய், நாலு வசவு வைது, கையால் தட்டிவிட்ட பிறகுதான் மறுபக்கம் போகும். அதுவரை சுக்கான் அவள் கையில்.

"அந்தக் கொக்கியை இன்னைக்குச் சரி பண்ணலைன்னா நான் படகுல காலே வைக்க மாட்டேன்" என்று கரையில் ஒற்றைக்காலில் நின்றாள்.

அவள் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வருவதற்குள் கொக்கியின் மேல் எதையோ சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தான். "போதுமா மகாராணி? இனிமே வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டுப் போகும், பாரு."

போனது. அதுதான் வினை.

முதல் திருப்பத்திலேயே பழக்கதோஷத்தில் முன்னால் தவழ்ந்தான். எப்போதும் மாட்டிக்கொண்டு நிற்கிற பாய், இன்று நிற்கவில்லை. முனையில் இருந்த இரும்பு வளையத்தோடு வந்து நெற்றியில் ஒரே அறை. தொபுக்கடீர் என்று விழுந்தான்.

தண்ணீரில் மஞ்சள் மிதவை ஜாக்கெட் தெரிந்தது. பக்கத்தில் கை ஒன்று மேலே ஆடியது. விழுந்தும் கொழுப்பு அடங்குதா பார் என்று நினைத்தாள்.

அதற்குள் படகு வெகுதூரம் ஓடிவிட்டது. அப்போதுதான் அவள் சிரிப்பு நின்றது.

தனியாக அவள் படகைத் திருப்பியதே இல்லை. பாய் மாட்டினால் தட்டிவிட முன்னால் போக வேண்டும். போனால் சுக்கானை யார் பிடிப்பது? படகு அப்படியே திணறி நின்று, பின்னால் தள்ளிக்கொண்டு போகும்.

இந்த ஒரு தடவை விட்டுடு தாயே என்று கொக்கியைக் கெஞ்சிக்கொண்டே சுக்கானைத் தள்ளினாள்.

பாய் வழுக்கிக்கொண்டு மறுபக்கம் போனது.

அவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. கெட்டிக்காரன்தான். படகில் ஏறியதும் அதை அவனிடம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். கட்டிக்கொண்ட நாளிலிருந்து குறை சொன்னதைத் தவிர அவனை ஒரு வார்த்தை பாராட்டியதில்லை.

மஞ்சளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அலையில் அது மறைந்தால் மூச்சை அடக்கிக்கொண்டாள். மேலே வந்தால், இதோ வந்துட்டேன், இதோ வந்துட்டேன் என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

பக்கத்தில் போனதும் பாயைத் தளர்த்திப் படகை நிறுத்தினாள். குனிந்து, ஜாக்கெட்டின் தோளைக் கொத்தாகப் பிடித்து, உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் கூட்டி ஒரு இழு இழுத்தாள்.

கனமே இல்லை. வலையில் மல்லாக்க விழுந்தாள். ஜாக்கெட் அவள் மேல் கிடந்தது.

ஜிப் போன ஜாக்கெட். இடுப்புப் பட்டை ஒன்றுதான் அதை உடம்போடு பிடித்திருக்கும். பட்டை இருந்த இடத்தில், கத்தியால் நறுக்கிய நுனிகள் மட்டும் இருந்தன. மிச்சத்தைக் கொக்கியில் சுற்றியிருந்தான்.

ஏங்க, ஏங்க என்று நாலு பக்கமும் திரும்பிக் கத்தினாள்.

காற்று மஞ்சளை எங்கிருந்தோ தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. அவளும் அதன் பின்னாலேயே வந்திருக்கிறாள்.

அந்தக் கை ஆடியது எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியவில்லை.