கிரயத்துக்கு நல்ல நாள்

“அப்ப இந்த வியாழக்கிழமையும் ஆகாதாக்கும்?” சின்னத்தாயி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

அவளுடைய அண்ணன் செம்மலை, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பஞ்சாங்கத்தில் மறுபடி விரலை ஓட்டினார். “ஆகாது தாயி. அன்னைக்குக் கரிநாள். கரிநாள்ல கிரயம் முடிச்சா அந்த வீடு விளங்காது.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் கோட்டைச்சாமி, “மச்சான் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்” என்று அவசரமாகச் சொன்னார். அவர் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

காரைக்குடியில் சோணையின் ஓட்டு வீட்டை விலை பேசி அச்சாரம் கொடுத்தது ஆவணியில். இப்போது ஆனி. புரட்டாசி ஆகாது என்றார் செம்மலை. ஐப்பசியில் அடைமழை. மார்கழியைப் பற்றிப் பேச்சே வேண்டாம். தையில் குறித்த நாளில் சந்திராஷ்டமம் வந்து நின்றது, பங்குனியில் சூலம் குறுக்கே விழுந்தது.

“பிள்ளையே பத்து மாசத்துல பொறந்துருது. ஒரு வீடு வாங்க இம்புட்டு நாளா?” என்று செம்மலையின் மனைவி அடுப்படியிலிருந்து காதில் விழும்படி கேட்க ஆரம்பித்துவிட்டாள். கேட்கத்தானே செய்வாள். மலேயாவிலிருந்து கோட்டைச்சாமி திரும்பிய நாளாகக் குடும்பமே அவள் வீட்டில்தான் ஒண்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் சின்னத்தாயி மாட்டுக் கொட்டிலுக்குப் போய் அழுதுவிட்டு வருவாள்.

அது கோட்டைச்சாமிக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பத்திர ஆபீஸ் என்றாலே அவருக்குக் குலை நடுங்கியது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பதினைந்து வருஷமாக ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த கடிதங்களையெல்லாம் எழுதியது வேறொருவன். தபால்காரர் அவற்றை வாசலிலேயே வாசித்துச் சொல்ல, “எங்க வீட்டுக்காரக எழுத்து முத்து முத்தா இருக்கும்” என்று சின்னத்தாயி தெருவெல்லாம் பெருமை பேசி வைத்திருந்தாள். அவளுக்கு முன்னால், அதைவிடப் பஞ்சாங்கமே பார்க்கிற மச்சானுக்கு முன்னால், எப்படிக் கைநாட்டு வைப்பது? அதற்கு நாண்டுகொண்டு சாகலாம்.

பினாங்குத் தகரப்பெட்டியின் மூடியில் அவர் பெயரை வெள்ளைச் சாயத்தில் எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்துப் பார்த்து மனசில் பதித்துக்கொண்டு, கண்மாய்க் கரைக்குப் போய் மணலில் குச்சியால் கிறுக்கிப் பழகினார். மொத்தம் ஆறே எழுத்து. ‘கோ’ வசத்துக்கு வருவதற்குள் கார்த்திகை வந்துவிட்டது. செம்மலை தள்ளிப்போட்ட ஒவ்வொரு நாளும் அவருக்கு ஒவ்வொரு எழுத்தைச் சம்பாதித்துக் கொடுத்தது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. வீட்டை விற்கிற சோணையே வந்து நின்றார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

“ஒக்கூருக்கு மகன் வீட்டுக்குப் போக மூட்டை கட்டி வச்சிருக்கேன். ஆடி பொறந்துட்டா நீங்க ஒண்ணும் செய்ய மாட்டீக. வியாழக்கிழமை முடிச்சா முடிங்க. இல்லேன்னா அச்சாரத்தைத் திருப்பி வாங்கிக்கங்க. வலையபட்டி ஆளுக காத்துக்கிட்டு இருக்காக.”

அவர் தெருமுனை திரும்புவதற்குள் சின்னத்தாயி அண்ணன் கையிலிருந்த பஞ்சாங்கத்தை வாங்கி மூடிவிட்டாள். “கரிநாளோ கெட்ட நாளோ, வியாழக்கிழமை முடிச்சுருவோம். அண்ணே, அச்சாரம் கொடுத்தன்னைக்கே பேசுனபடி நீங்கதான் மொதச் சாட்சி.”

“என் பேச்சுக்கு மதிப்பில்லாத எடத்துல நான் எதுக்கு? சாட்சிக்கு வேற ஆளைப் பாருங்க” என்று செம்மலை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“கூடப்பொறந்தவுக நீங்க இருக்கையில ஊரானா வந்து சாட்சி போடுவான்? நீங்க வரலேன்னா எனக்குப் பொறந்த வீடே இல்லேன்னு நெனைச்சுக்கிறேன்.”

செம்மலை முகத்தைத் திருப்பாமலே, “சரி, வர்றேன்” என்றார்.

வியாழக்கிழமை, சின்னத்தாயி வெளியே மரத்தடியில் காத்திருக்க, பத்திர ஆபீஸ் தாழ்வாரத்தில் பத்திரம் எழுதுபவர் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டிவிட்டுப் பேனாவை மையில் தொட்டுச் சோணையிடம் நீட்டினார். சோணை கோழி கிளறியது போல் ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டு நகர்ந்தார்.

கோட்டைச்சாமி வியர்த்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். ஆறு எழுத்தையும் மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொண்டு பேனாவுக்குக் கையை நீட்டினார்.

“உங்களுக்கு எதுக்குங்க பேனா?” என்றார் எழுதுபவர். “வாங்குறவுக கையெழுத்து இதுல கெடையாது. விக்கிறவுக போட்டாப் போதும்.”

நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. இந்த ஒரு வார்த்தையை ஆவணியிலேயே யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் சாயம் வெளுத்துவிடுமே என்று வாயை மூடிக்கொண்டு, பெண்டாட்டியைப் பத்து மாதம் கொட்டிலில் அழவிட்டாயிற்று. கோட்டைச்சாமிக்குத் தன்னை நினைக்கத் தனக்கே கூசியது.

“சாட்சிதான் அடுத்துப் போடணும். ஐயா, இங்குட்டு வாங்க” என்று எழுதுபவர் பேனாவைச் செம்மலையிடம் நீட்டினார்.

செம்மலை பேனாவை வாங்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் செருகினார். இடது கைக் கட்டைவிரலை மையில் அழுத்திப் பத்திரத்தில் வைத்துவிட்டு, கோட்டைச்சாமியின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

“மாப்ள, தங்கச்சிகிட்ட மட்டும் சொல்லிறாதீக.”