பதினோரு வாரம், பதினோரு வியாதி

புதன்கிழமை காலை பத்து மணிக்கு மருத்துவ வேன் குடோன் தெருவில் வந்து நின்றால், வரிசையில் முதல் ஆள் குடோன் வாட்ச்மேன்தான்.

அறுபத்திரண்டு வயது. கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. ஆனால் அவருக்கு வராத வியாதி இல்லை.

ஒரு வாரம் சொறி என்பார். அடுத்த வாரம் இருமல். அதற்கும் அடுத்த வாரம் காதில் சீழ் வடிகிறது என்று வந்தார். நர்ஸ் லைட் அடித்துப் பார்த்தாள். காது பளிச்சென்று இருந்தது. எந்தக் காது என்று கேட்டால், நீங்களே பார்த்து ஒன்றைச் சொல்லுங்கள் என்கிற மாதிரி விழித்தார்.

மருந்து கொடுக்காவிட்டால் நகர மாட்டார். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகும். கொடுத்தாலும் சும்மா வாங்கிக்கொண்டு போகிற ஆளும் இல்லை. சாப்பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா என்று கேட்பார். சின்னப்பிள்ளை தெரியாமல் குடித்துவிட்டால் எத்தனை சொட்டுவரை பரவாயில்லை என்று கேட்பார். கேட்டதைத் திரும்பத் திரும்ப முணுமுணுத்துக்கொண்டே போவார்.

வேன் டிரைவர் அவருக்கு ‘சர்வரோகம்’ என்று பேர் வைத்துவிட்டார்.

மூன்று வாரத்துக்கு முன் வந்த வியாதிதான் உச்சம். ராத்திரியானால் வயிறு உப்பிக்கொண்டு அழுகை வருகிறதாம். தோளில் போட்டுத் தட்டினால்தான் நிற்கிறதாம்.

“இவரை எவன் தோள்ல போட்டுத் தட்டுறது?” என்று டிரைவர் அன்றைக்கு முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

வாங்குகிற மருந்தையெல்லாம் வெளியே விற்கிறார் என்பது டிரைவரின் முடிவு. நர்ஸ் அப்படி நினைக்கவில்லை. தனிக்கட்டை மனிதர், வாரம் ஒரு தடவை யாராவது ‘என்ன செய்யுது’ என்று கேட்க மாட்டார்களா என்று வருகிறார், அவ்வளவுதான் என்று விட்டுவிட்டாள்.

ஆனால் போன திங்கட்கிழமை ஆபீசில் மேலதிகாரி நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டார். பதினோரு வாரம், பதினோரு வியாதி, ஒரே பேர். இது ஆளா, மருத்துவப் புத்தகமா என்று கேட்டார். இனிமேல் அந்த ஆளுக்கு ஒரு மாத்திரை போனாலும் உன்னைத்தான் கேட்பேன் என்றும் சொல்லி அனுப்பினார்.

அதனால் இன்றைக்கு முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடுவது என்றுதான் நர்ஸ் வந்திருந்தாள்.

வாட்ச்மேன் ஏறி ஸ்டூலில் உட்கார்ந்தார். இந்த முறை குரலில் வழக்கமான தெம்பு இல்லை.

“தலைவலி, சிஸ்டர். ரெண்டு நாளா மண்டையப் பொளக்குது. கண்ணு மங்கலாத் தெரியுது. காலு ரெண்டும் வீங்கிப்போச்சு.”

நர்ஸ் குனிந்து அவர் காலைப் பார்த்தாள். வீக்கத்தின் சுவடே இல்லை. ரத்த அழுத்தம் பார்த்தாள். இளவட்டத்துக்கு இருப்பது போல் இருந்தது.

இன்றைக்கு மருந்து கிடையாது என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவரே, அவள் கவலைப்படுவாளோ என்று, ஒரு நல்ல சேதியும் சொன்னார்.

“ஆனா வயித்துக்குள்ள உதைக்கிறது மட்டும் நல்லாத்தான் உதைக்குது.”

முன் சீட்டில் இருந்த டிரைவர் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்.

நர்ஸ் பேனாவை வைத்தாள். நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். காதில் சீழ். ராத்திரி அழுகை. சொட்டுக் கணக்கு. எழுதினதெல்லாம் அவள் கையெழுத்துதான். இத்தனை நாள் எப்படிக் கண்ணில் படவில்லை என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

“எத்தனை மாசம்?” என்றாள், சாதாரணமாக.

“ஏழு முடிஞ்சு...” என்று சொன்னவர், நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அப்புறம் மறைக்க முடியவில்லை. குடோனுக்குப் பின்னால் இருக்கிற தகர ஷெட்டில் மூன்று குடும்பம், பதினாலு பேர். சொந்த ஊரில் இருக்க முடியாமல் ஓடி வந்தவர்கள். கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. மூட்டை தூக்கிச் சாப்பிடுகிறார்கள். வேனில் நோட்டும் பேனாவும் இருப்பதைப் பார்த்ததிலிருந்து ஒருத்தரும் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. பேர் எழுதினால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயம். சரி, எனக்கு என்ன, என் பேரில் வாங்கித் தருகிறேன் என்று இவர் கிளம்பியிருக்கிறார்.

யாரையும் பார்க்காமல் இத்தனை வாரம் மருந்து கொடுத்திருக்கிறோமே என்று நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள். வாட்ச்மேனைத் திட்டவும் வாய் வந்தது. ஆனால் ஏழு மாதக் கர்ப்பிணிக்கு இந்தத் தலைவலியும் வீக்கமும் உயிருக்கே ஆபத்து, திட்டி முடிக்கிறவரை காத்திருக்காது என்று அவளுக்குத் தெரியும். ரத்த அழுத்தக் கருவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். டிரைவர் இறங்கி வந்து மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

வாட்ச்மேன் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

“சிஸ்டர், அந்தப் பொண்ணுகிட்டப் பேரு கேப்பீங்களா?”

“எதுக்குக் கேக்கணும்? நோயாளி நீங்கதானே, உங்க பேருதான் ஏற்கெனவே இருக்கே” என்றாள் நர்ஸ். “சீக்கிரம் வாங்க, நீங்க எங்க படுத்திருக்கீங்கன்னு காட்டுங்க.”