சோம்பேறிப் பட்டம்

"எந்திளா, சவத்து மூதி! உனக்காவ சூரியன் காத்துக்கிட்டா நிக்கும்? சோம்பேறிக் கழுதை!"

சங்கரம்மாள் போட்ட சத்தம் உப்பளம் முழுக்கக் கேட்டது. மேட்டில் குடை பிடித்து நின்ற கணக்கப்பிள்ளை வரைக்கும் கேட்டது.

பெட்டியில் உப்பு அள்ளுகிற நேரத்துக்குள் வரப்பில் குந்திவிட்ட சீனித்தாய், எழுந்திருக்கப் பார்த்தாள். தொடை கேட்கவில்லை. சங்கரம்மாள் அவள் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்து நிறுத்தினாள். பெட்டியைத் தலையில் ஏற்றினாள். "நட, எருமை!"

பின்னால் நின்ற முப்பிடாதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்தாம் வகுப்பு வரை படித்தவள். நியாயம் பேச ஆரம்பித்தால் பஸ் கண்டக்டர்கூட இறங்கி ஓடிவிடுவான்.

"ஏன் சங்கரம்மாக்கா, அவளும் மனுசிதானே? இப்படியா ஏசுவாவ?"

"உனக்கென்னளா? செட்டுல ஆறு பேரு. ஒருத்தி அசைஞ்சு அசைஞ்சு வந்தா ஆறு பேருக்கும்லா பிந்துது? இருமிக்கிட்டுக் கிடந்த செல்லக்கிளி வேலையை விட்டு நின்ன பொறவு ஆளே பத்தல. உன் சோலியைப் பாரு."

மேட்டில் கணக்கப்பிள்ளை சிவனணைந்தபெருமாள் சிரித்தார். "நல்லாக் கேளு சங்கரம்மா! உன் வாய்க்குப் பயந்தாவது நடக்காளான்னு பாப்போம்."

போன வருஷம் வரை சீனித்தாய் முன்னால் நடந்தால் மற்றவர்கள் ஓட வேண்டும். தோணிக்குப் போன புருஷன் திரும்பவில்லை. இரண்டு பிள்ளைகள். அவள் சுமந்தால்தான் வீட்டில் உலை. இப்போது முகம் ஊதிப்போய், குரல் தடித்துப்போய், கத்திரி வெயிலில் குளிருது என்று முந்தானையைப் போர்த்துகிறாள்.

மத்தியானம் உடைமர நிழலில் தூக்குச்சட்டியைத் திறக்குமுன்பே கண்ணயர்ந்தாள். மடியிலிருந்து ஒரு சீட்டு விழுந்தது. பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரிச் சீட்டு.

முப்பிடாதி அவளை உலுக்கினாள். "என்னக்கா இது?"

"கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்காம், பிள்ள. அது சுரக்கது கொறைஞ்சுட்டாம். டாக்டரு குதிங்காலுக்கு மேல சுத்தியலால தட்டுனாரு. வெடுக்குன்னு உதைக்க வேண்டிய காலு, தூங்கி எந்திச்ச மாதிரி மெள்ளத் திரும்புச்சு." சீனித்தாய் மூச்சு வாங்கினாள். "சதைக்குள்ள அடுப்பு மங்கிப்போச்சு, வலுவா எரியாம புகைதான் மண்டுதுன்னாரு. மாத்திரை விடாமத் தின்னா மூணு மாசத்துல சதை பழையபடி ஆயிருமாம். ஒரு மாசம் ஆச்சு."

"இதை வச்சுக்கிட்டா இத்தனை ஏச்சும் கேக்க?"

"விடு பிள்ள. வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு."

"சும்மா இருந்து இருந்துதான் நாம இப்படிக் கிடக்கோம்!"

சீட்டோடு விடுவிடுவென்று மேடேறினாள் முப்பிடாதி. சீனித்தாய் தடுக்க எழுந்தாள். பாதியில் முழங்கால் மடிந்து உட்கார்ந்துவிட்டாள்.

கணக்கப்பிள்ளை சீட்டை இரண்டு தரம் படித்தார். "அடப் பாவமே! நான் சோம்பேறின்னுலா நெனச்சேன்?"

"இனிமே அவளை யாரும் ஏசக் கூடாது அண்ணாச்சி. லேசான வேலையாப் பாத்துக் குடுக்கணும்."

"ஏசுறதாவது! சீக்குக்காரியை வெயில்ல நிறுத்துனா மொதலாளிக்குப் பாவம்லா சேரும்? நாளையிலேர்ந்து அவ வரவேண்டாம். வீட்ல நல்லாப் படுத்து எந்திக்கட்டும்." நோட்டை விரித்து ஒரு பெயரை அடித்தார். "செல்லக்கிளிக்கும் இதைத்தான் சொன்னேன். உங்க தெருவுல திடமான பிள்ளை இருந்தா கூட்டிட்டு வா, தாயி."

முப்பிடாதி அரை மணி நேரம் வாதாடினாள். அவர் கோபப்படவே இல்லை. எல்லாவற்றுக்கும் "பாவம், பாவம்" என்றார்.

இறங்கி வந்தபோது அவள் முகத்தைப் பார்த்தே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சங்கரம்மாள் பெட்டியைப் போட்டுவிட்டு வந்து, சீனித்தாயின் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினாள். காலையில் தூக்கிய அதே கை. ஏச்சு மட்டும் இல்லை.

முப்பிடாதிக்கு ஆற்றாமை தாங்கவில்லை. "இப்ப நிம்மதியாக்கா? நாளும் பொழுதும் சோம்பேறி, சோம்பேறின்னு அவரு காதுல ஓதி ஓதியே வேலையைப் பறிச்சுட்டியே!"

சங்கரம்மாள் குனிந்து சீனித்தாயின் சேலையில் ஒட்டிய உப்பைத் தட்டிவிட்டாள்.

சீனித்தாய்தான் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டே, அலுத்துப்போன குரலில் சொன்னாள்:

"அவளை ஏசாத பிள்ள. சோம்பேறின்னா ஏச்சோட விட்டுருவாவ, சீக்குன்னா நிப்பாட்டிருவாவ. மாத்திரை கேக்குத வரைக்கும் சோம்பேறின்னே சத்தம் போடுக்கான்னு அவ கையைப் பிடிச்சுக் கெஞ்சுனது நான்தான்."