நாலாவது முள்

"கொஞ்சம் இருங்க, முள்ளு குத்திடுச்சு" என்று பாதையோரப் பாறையில் உட்கார்ந்தார் வழிகாட்டி சமிசோனி. இத்தோடு மூன்றாவது முள்.

லிட்டியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மணி பன்னிரண்டரை. மேல் அருவிக்கு இன்னும் பாதி ஏற்றம் இருந்தது. ஒன்றரைக்கு அங்கிருந்து திரும்பினால்தான் அடிவாரத்துப் போமாவிலிருந்து கடைசி பஸ்ஸைப் பிடிக்க முடியும். அது போனால் சுவா நகருக்குப் போகும் கப்பலும் போச்சு.

அப்பா பெனாயாவும் வேறு வழியில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒருவர் உட்கார்ந்திருக்க, அவர் தலைக்கு மேலே நிற்பது இந்தத் தீவுகளின் வழக்கத்தில் மரியாதை இல்லை. எழுபது வயதிலும் அதில் அவர் குறை வைத்ததில்லை. லிட்டியா மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அம்மா இருந்தவரை அடுப்புக்கு மேலே ஒரு பழைய காலண்டர் தொங்கியது. அதிலிருந்த இந்த அருவியின் படத்துக்காகவே ஒன்பது வருஷம் அதைக் கழற்றவில்லை. ஒரு நாள் இரண்டு பேரும் போகலாம் என்று அப்பாவும் சொல்லிக்கொண்டே இருந்தார். போன ஈஸ்டருக்கு முன்னால் அம்மா போய்விட்டாள். இப்போது அந்தப் படம் அப்பாவின் பைபிளுக்குள் மடிந்து கிடந்தது. அருவிக்கு எதிரே நின்று அம்மாவுக்காக ஒரு ஜெபம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது. கண்டாவுத் தீவிலிருந்து இவ்வளவு தூரம் இன்னொரு முறை வருவது நடக்கிற காரியம் இல்லை.

காலையில் கீழே நுழைவுக் குடிசையில் சமிசோனி அப்பாவிடம் ஓர் ஊன்றுகோலை நீட்டினார். கண்டாவுக்காரர்களுக்குக் கடல்தான் சரிப்படும், மலையெல்லாம் ஆகாது என்று சீண்டவும் செய்தார். "எங்க ஊர்க் கோழி ஏறுற மேடுய்யா இது" என்று அப்பா கோலைத் தள்ளிவிட்டார்.

செருப்பு இல்லையா என்று லிட்டியா கேட்டதற்கு, சமிசோனி உள்ளங்காலைத் தட்டிக் காட்டினார். "அம்பது வருஷமா இதான் செருப்பு. ஒரு தடவை ஆணி குத்திச்சு, தங்கச்சி. ஆணிதான் வளைஞ்சுது."

மறுபடி நடந்தார்கள். அப்பா ஒரு கீர்த்தனையை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். திருப்பத்தில், பாதிச் சரணத்தில், பாட்டு நின்றது. முன்னால் போன சமிசோனி விழுந்து கிடந்த வழவழப்பான அடிமரமாகப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

"இன்னொண்ணு" என்றார், காலைப் பிடித்துக்கொண்டு. அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

லிட்டியாவுக்குப் பொறுமை அறுந்தது. "ஆணியே வளையுதுன்னு பீத்திக்கிட்டீங்களே, இப்ப திருப்பத்துக்குத் திருப்பம் முள்ளா? நடக்க முடியலைன்னா வேற ஆளை அனுப்பியிருக்கலாம்ல? எங்கப்பா அருவி பார்க்க வந்தாரா, உங்க காலைப் பார்க்க வந்தாரா?"

சமிசோனி தலை நிமிரவில்லை. "தப்புதான், தங்கச்சி."

கீழே போனதும் வருகைப் பதிவேட்டில் எழுதி வைக்கப்போவதாக அவள் சொன்னாள். ஒரு புகார் விழுந்தால் ஊர்க்கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும், வழிகாட்டி வேலையும் போகலாம். அது அவருக்கும் தெரியும். அப்படியும் அவசரப்படாமல், காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார், வார்த்தை வரவில்லை. தன் கோபத்தைப் பார்த்து அவர் கூச்சப்படுகிறார் என்று லிட்டியா நினைத்துக்கொண்டாள்.

ஒன்று இருபதுக்கு அருவி வந்தது. சத்தம் காதை அடைத்தது, சாரல் முகத்தில் அடித்தது. அப்பா படத்தை விரித்து இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றார். உதடுகள் மட்டும் அசைந்தன. ஜெபம் முடிந்ததும் அப்படியே ஒரு பாறையில் சரிந்து உட்கார்ந்தார்.

அடுத்த நொடி, கூரான சரளைக் கற்கள்மேல் சமிசோனி ஓடினார். வெறுங்காலோடு, தாவித் தாவி. சேம்பு இலையைக் குழித்துத் தண்ணீர் பிடித்து, சிந்தாமல் கொண்டுவந்து அப்பாவின் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

"பார்த்தீங்களாப்பா, இப்ப எப்படி ஓடுறாருன்னு" என்று லிட்டியா பொருமினாள். "முள்ளும் இல்ல, ஒண்ணும் இல்ல. அத்தனையும் நடிப்பு. நீங்க தடுத்தாலும் நான் எழுதத்தான் போறேன்."

அப்பா தண்ணீரை மெல்ல மெல்லக் குடித்து முடித்தார். பிறகு அவள் கையைப் பிடித்து இழுத்துத் தன் சட்டையின்மேல் வைத்தார். உள்ளே தாறுமாறாக அடித்துக்கொண்டிருந்தது.

"குத்தினது அவர் கால்ல இல்லம்மா. என் நெஞ்சுல."