நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவில்

"சார், லிஃப்ட் விழும்போது கடைசி நொடியில ஒரு துள்ளு துள்ளினா தப்பிச்சிடலாமாமே, நிஜமா?"

நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்று மூன்று நிமிடம் ஆகியிருந்தது. உள்ளே இரண்டே பேர். கேட்டது ஒரு நடுத்தர வயதுப் பெண். மணியை அழுத்திவிட்டு, போனில் யாருக்கோ என்னவோ தட்டிக்கொண்டிருந்தாள். எதிரே, கைப்பிடியை உடும்புப்பிடியாகப் பிடித்தபடி ஒரு சயின்ஸ் வாத்தியார். கக்கத்தில் ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள் கட்டு. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. மூடிய இடம் என்றாலே அவருக்கு ஆகாது. கத்திவிடலாம் என்று வாயைத் திறந்தபோதுதான் இந்தக் கேள்வி வந்து விழுந்தது.

பயத்தை மீறிக் கோபம் வந்தது.

"எவன் சொன்னான்? இங்கேர்ந்து தரை பதினஞ்சு மீட்டர்னு வெச்சுக்கோங்க. விழுந்தா வினாடிக்குப் பதினேழு மீட்டர் வேகம். நீங்க தம் கட்டிக் குதிச்சாலும் மூணைத் தாண்டாது. பதினேழுல மூணு போனா?"

"பதினாலு சார்."

"அந்தப் பதினாலோட மோதுவீங்க. உருண்டு வர்ற பாறையை ஊதி நிறுத்தற கதைதான்!"

"ஐயய்யோ! அப்போ அவ்வளவுதானா?"

"அதனாலதான் விழவே விடமாட்டாங்க. நம்ம பெட்டிக்கு எதிரா அந்தப் பக்கம் ஒரு எடை தொங்குது, தராசு மாதிரி. கயிறும் ஒண்ணு இல்ல, நாலு."

"ஆறு... ஆறு இருக்காதா சார்?"

"வாத்தியார் சொன்னா கேட்டுக்கணும்."

"சரி சார். ஆனா ஆக்சிஜன் தீர்ந்துடுச்சுன்னா?"

"எப்படித் தீரும்? கதவு இடுக்கு, மேல ஓட்டை, எல்லா வழியாவும் காத்து போய்ட்டு வந்துட்டேதான் இருக்கும். பக்கத்து வீட்டுல வெங்காயம் வதக்கினா உங்களுக்கு எப்படித் தெரியுது?"

"மூக்குல தெரியுது."

"வாசனை காத்துல பரவி வருதுல்ல, அதுக்குப் பேருதான் விரவல். ஸ்கூல்ல கடைசி பெஞ்சா நீங்க?"

"முதல் பெஞ்சுதான் சார். கண்ணைத் திறந்துட்டே தூங்குவேன்."

வாத்தியார் சிரித்துவிட்டார். கைப்பிடியை எப்போது விட்டார் என்று அவருக்கே தெரியாது. விடைத்தாள் கட்டைத் தரையில் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். நிறை வேறு, எடை வேறு என்று விளக்கினார்.

"அப்போ நிலாவுல என் எடை ஆறுல ஒரு பங்குதானா? டிக்கெட் எங்க சார் கிடைக்கும்?"

"எடைதான் குறையும். இடுப்பு அதேதான்!"

இருபது நிமிடம் போனதே தெரியவில்லை. லிஃப்ட் ஒரு குலுங்கு குலுங்கி ஐந்தாவது மாடியில் நின்றது. கதவு திறந்தது. வெளியே ஒரு மெக்கானிக், கையில் தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தார்.

வாத்தியார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தார். "முதல்ல அந்தம்மாவுக்குத் தண்ணி குடுங்கப்பா. பாவம், ரொம்பப் பயந்துட்டாங்க. நான்தான் பேசிப் பேசித் தேத்தினேன்."

"யாரு, எங்க என்ஜினீயரம்மாவா? இந்த லிஃப்டை மாட்டினதே அவங்கதானே சார்!" மெக்கானிக் பாட்டிலைத் திறந்து அவரிடமே நீட்டினார். "'கூட ஒருத்தர் பயத்துல வெலவெலத்துப் போயிருக்கார், எதையாவது கேட்டுப் பேச வெச்சிட்டிருக்கேன், சீக்கிரம் வாங்க'ன்னு மெசேஜ் அனுப்பியிருந்தாங்களே, அது நீங்கதானே?"