மூன்றாம் ஓலை

"இது மூன்றாம் ஓலை" என்று சாமியார் சொன்னதும் அடைக்கலமேரி முந்தானை முடிச்சை இறுகப் பற்றிக்கொண்டாள்.

ஆவூர் மாதா கோவிலில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று ஊரறியக் கேட்பார்கள். யாரும் சொல்வதில்லை. பாதிப் பேர் அந்த நேரத்தில் மதியக் கறிக்கு மசாலா அரைத்தாயிற்றா என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள்.

அடைக்கலமேரிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. முதல் ஓலையிலிருந்தே அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மகள் சத்யபிரியாவுக்குக் கல்லூரியில் படிக்கும்போது வயிறு வீங்கியது. ஈரலிலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொண்டது என்றார்கள். லட்சத்தில் ஒருவருக்குக்கூட வராத நோயாம். ஸ்டென்ட் வைத்து வழி திறந்துவிட்டார்கள். அன்றிலிருந்து இரத்தம் உறையாமலிருக்கத் தினமும் காலையில் மாத்திரை.

"முன்னாடியெல்லாம் இது வந்தவங்க ரொம்ப நாள் தாங்க மாட்டாங்கம்மா. இப்ப அப்படியில்ல. மாத்திரையை மட்டும் விடாம இருந்தா, ஒங்க பொண்ணு நரைச்சுப் பல்லு போற வரைக்கும் இருக்கும்" என்று திருச்சி டாக்டர் அடித்துச் சொன்னார்.

அவர் சொல்லி என்ன? பெண் பார்க்க வருகிறவர்களிடம் டாக்டரா வந்து உட்காரப்போகிறார்? முதலில் வந்த இரண்டு வீட்டாரும் ஈரல் என்ற சொல்லைக் கேட்டதுமே காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

அதனால் கீரனூர் பிரசாந்த் வீட்டார் வந்தபோது அடைக்கலமேரி மாத்திரை அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டாள். வாயையும் சேர்த்து மூடிக்கொண்டாள். மகளையும் மிரட்டி வைத்தாள். அன்று முடிந்ததுதான், இன்றுவரை மாத்திரை முந்தானையில்தான் குடியிருக்கிறது.

மாப்பிள்ளை தங்கமான பையன். நிச்சயம் ஆனதிலிருந்து தினமும் காலை எட்டு மணிக்குப் போன் பண்ணுவான். சத்யபிரியா "ம்" என்று ஒரு எழுத்தைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். இந்த 'ம்'முக்கு ஒரு போனா என்று அடைக்கலமேரி தனக்குள் சிரித்துக்கொள்வாள்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மாத்தூரில் மருந்துக்கடை வைத்திருக்கும் சூசைராஜ்தான் சரிப்பட்டு வரவில்லை. மாத்திரை கொடுக்கிற மனுஷன், அவருக்குத் தெரியாமல் இருக்குமா? போன வாரம் கடையில் வைத்தே சொல்லிவிட்டார்.

"மறைச்சுக் கட்டிக்குடுக்குறது பாவம் தங்கச்சி. நீ சொல்லலைன்னா மூணாம் ஓலைக்கு நான் சாமியார்ட்ட சொல்லிருவேன்."

சூசைராஜ் சொன்னால் செய்கிறவர். அவரிடம் இருக்கும் ஒரே கெட்ட குணம் அதுதான்.

"தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள்..." சாமியார் வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

ஆண்கள் பக்கம் யாரோ எழுந்தார்கள். அடைக்கலமேரி எட்டிப் பார்த்தாள். எழுந்தவர் அழுத குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

சூசைராஜ் தொண்டையைச் செருமினார். மாதாவே, மாதாவே, மாதாவே! செருமிவிட்டுக் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். அவ்வளவுதான்.

சாமியார் ஆசீர் கொடுத்தார். பூசை முடிந்தது.

"தாண்டிட்டோம்டி!" அடைக்கலமேரி மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். கோவில் என்றுகூடப் பார்க்காமல் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. புதன்கிழமை கல்யாணம். இனி யார் என்ன செய்ய முடியும்?

அந்தச் சந்தோஷத்தோடு திரும்பிப் பார்த்தாள். சூசைராஜைக் காணவில்லை. பீடத்துக்குப் பக்கத்து அறைக்குள், சாமியார் பின்னாலேயே, அவருடைய வெள்ளைச் சட்டை நுழைந்துகொண்டிருந்தது.

அடைக்கலமேரி ஓடினாள். பெஞ்சில் முட்டி இடித்தது தெரியவில்லை. யார் காலை மிதித்தாள் என்றும் தெரியவில்லை. "அம்மா, அம்மா" என்று சத்யபிரியா பின்னாலேயே வந்தாள்.

இருவரும் அறை வாசலுக்குப் போகவும், சூசைராஜ் வெளியே வரவும் சரியாக இருந்தது.

"சொல்லிட்டீங்களாண்ணே?" அடைக்கலமேரி வாசலை மறித்துக்கொண்டு கேட்டாள்.

"சொல்லிட்டேன். ஒரு தடை இருக்குன்னு போன வாரமே சாமியார்ட்ட லேசாச் சொல்லி வச்சிருந்தேன். அது இல்லைன்னு இப்பச் சொல்லிட்டு வாரேன்."

சூசைராஜுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"நேத்து ஒம் மாப்பிள்ளை கடைக்கு வந்தாரு. சத்யா சாப்பிடுற மாத்திரையைப் பேர் சொல்லிக் கேட்டாரு. மாசாமாசம் கீரனூருக்கு அனுப்பி வைக்க முடியுமான்னாரு. எத்தனை மாசத்துக்குன்னு கேட்டேன். ஆயுசுக்கும்னாரு தங்கச்சி!"

அடைக்கலமேரி மகளைப் பார்த்தாள். "நான்தாம்மா அவர்ட்ட சொன்னேன்" என்று மகள் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

அப்போது சத்யபிரியாவின் போன் அடித்தது. மணி எட்டு.

"ம்" என்றாள். வைத்தாள்.

வைத்துவிட்டு அம்மாவிடம் கையை நீட்டினாள். "மாத்திரை குடும்மா."

அடைக்கலமேரிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கோவிலை விட்டு இறங்கிப் போகிற சனமெல்லாம் பார்க்க, அங்கேயே நின்று முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். இத்தனை நாள் இறுக்கி இறுக்கிப் போட்ட முடிச்சு, லேசில் அவிழவில்லை.